வாங்கத் தெரியாத கை

இரும்பு கேட், கதவு செய்கிற கேட்டுக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அதனால் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர் வரைந்து கொண்டுவந்த படத்தைப் பார்த்து, "இந்தக் கீல் இந்தப் பாரத்தைத் தாங்காது தம்பி, ஆறு மாசத்துல கதவு தரையை உரசும்" என்று திருப்பி அனுப்பியவர். வேறு இடத்தில் செய்துகொண்டார்கள். ஆறு மாதத்தில் உரசத்தான் செய்தது. அடுத்தவன் பட்டறையில் துரு தேய்த்துத் தொடங்கி, சொந்தப் பட்டறை போட்டுப் பதினோரு பேருக்கு வேலை கொடுத்த மனிதர். எனக்குச் சும்மா வந்தது ஒரு ஆணிகூடக் கிடையாது என்று மார் தட்டுவார். தட்டலாம், தப்பில்லை.

'சும்மா' என்ற சொல்லே அவருக்கு ஆகாது. யார் எதைக் கொடுத்தாலும் மறுநாளே அதைவிடப் பெரியதாக ஒன்று அவர்கள் வீட்டுக்குப் போய்விடும். இன்னொருவர் கைக்குக் கீழே தன் கை நீளக் கூடாது. அது அவர் வைராக்கியம்.

மழைக்காலத்தில் அவர் மனைவி படுக்கையில் விழுந்தாள். முதுகெலும்பில் நோய் இறங்கிவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை தையல்காரம்மா வந்து நின்றாள். சபையில் மனைவியோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள், புருஷனை இழந்தவள். வெந்நீர் வைத்து, படுத்திருப்பவளைப் பக்குவமாகப் புரட்டி, உடம்பு துடைத்து, தலை சீவிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை ஜெபம் செய்துவிட்டுத் தன் மெஷினுக்குப் போவாள். அறைக்குள் இருவரும் சிரிப்பது வாசல்வரை கேட்கும். தினமும் இது.

"உனக்கு என்னம்மா வேணும், சொல்லு" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்ணே. சும்மா வர்றேன். அக்காவைப் பார்க்கணும்போல இருக்கு."

அந்தப் பதில் அவருக்குச் செரிக்கவில்லை. பத்து நாள் பொறுத்தார். ஒரு மத்தியானம், அவள் தைத்த துணிகளைக் கொடுக்க வெளியே போயிருந்த நேரம் பார்த்து, ஆட்களோடு போனார். அவளுடைய ஒற்றை அறையின் உளுத்துப்போன மரக்கதவுக்கு முன்னால் இரும்பு கிரில் கதவு ஒன்றைப் பொருத்தினார். முதல் தரமான வேலை. பற்றவைத்த இடம் கைக்குத் தட்டுப்படாது. சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் தையல்காரம்மா வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

மனைவி வாசலையே பார்த்தபடி கிடந்தாள். தலைமுடி சிக்குப் பிடித்துவிட்டது. இவரே சீப்பை எடுத்துப் பார்த்தார். இரும்போடு மல்லுக்கட்டிய கை. இழுத்த இழுப்பில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அவ வராம இருக்க மாட்டாளே. ஏதாவது சொன்னீங்களா?"

"நான் என்னத்தைச் சொன்னேன்? நல்லதுதான் செஞ்சேன். கதவு போட்டுக் குடுத்தேன். அந்த மாதிரிக் கதவு அந்தத் தெருவிலேயே கிடையாது, தெரியுமா?"

அவள் அவர் கையிலிருந்து சீப்பை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"கூலி குடுத்துட்டீங்க" என்றாள். "முப்பத்தெட்டு வருஷமா எனக்கும் இதுதானே? நான் ஆசையா ஒண்ணு செஞ்சா மறுநாள் ஒரு புடவை வந்து நிக்கும். எனக்குப் புடவையாங்க வேணும்? 'இவ எனக்காகச் செஞ்சா'ன்னு ஒரே ஒரு நாள் நீங்க அதை மனசுல வெச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்." மூச்சு வாங்கியது. "ஆண்டவர்கிட்டயும் அப்படித்தான். முன்னாடி ஒரு தடவை எனக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு சர்ச்சுக்கு கேட் செஞ்சு போட்டீங்க. அதோட சரி. உள்ள வந்ததே இல்ல. நமக்காக உசிரையே விட்டவருக்கு எதைச் செஞ்சு சரிக்கட்டுவீங்க? எவ்வளவு இரும்பு பத்தும்?"

அவர் எழுந்து செருப்பை மாட்டினார்.

தையல்காரம்மா மெஷினில் இருந்தாள். கிரில் கதவு பூட்டாமல் கிடந்தது.

"கோவமாம்மா?"

"கோவமில்லண்ணே. எங்கம்மா கடைசி காலத்துல நான் கூட இல்ல. அக்காவுக்குத் துடைச்சுவிடறப்ப அவங்களுக்குச் செய்யற மாதிரி இருந்துச்சு. நீங்க ஒரே நாள்ல என்னை வேலைக்காரி ஆக்கிட்டீங்க. இனி எந்த மூஞ்சியோட வர்றதுன்னு உக்காந்திருக்கேன்."

"கழட்டிடறேன். இப்பவே கழட்டிடறேன். வருவியா?"

அவள் மெஷினை நிறுத்திவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"பாருங்க, மறுபடியும் பேரம்! கழட்டினாலும் வருவேன், கழட்டாட்டியும் வருவேன். எங்கக்கா தலை சீவாமக் கிடக்குமே. இந்த ஜாக்கெட்டுக்கு ஒரு கை தைச்சுட்டு வர்றேன், நீங்க முன்னால போங்க."

அவர் அசையாமல் நின்றார். பதிலுக்கு எதையாவது தரவேண்டும் என்று மனம் பரபரத்தது. தர ஒன்றுமில்லை. அவமானப்படுத்தியவனின் வீட்டுக்கு, அவன் மன்னிப்புக் கேட்கும் முன்பே ஒருத்தி கிளம்புகிறாள். இயேசுவும் இப்படித்தான் வந்தார் போலிருக்கிறது என்று வீடு திரும்பும் வழியில் தோன்றியது. தன் மனைவி எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் என்றும் தோன்றியது.

அன்று சாயங்காலம், தையல்காரம்மா தலை சீவிவிட்டுப் போனபின், போர்வைக்குள் சிறு பொட்டலம்போலக் கிடந்த மனைவி அவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"குனிங்க."

குனிந்தார். அவர் தலைமேல் கையை வைத்தாள். கைக்குக் கனமே இல்லை. "ஆண்டவரே, இவர் நல்லவர்னு சொல்ல வரல. இவர் உங்க பிள்ளை. அவ்வளவுதான்."

"நான் உனக்கு…" என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க. வாங்கிக்கங்க."

கட்டிலின் சட்டத்தில் நெற்றியை வைத்து, தோள் குலுங்க அழுதார். மனைவி தூங்கும்வரை அந்தக் கை அவர் தலைமேலேயே இருந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அலமாரியைத் திறந்தார். அடுக்கடுக்காகப் புடவைகள். பாதி மடிப்புக் கலையாதவை. ஒவ்வொன்றையும் எந்தக் கடையில் எடுத்தார் என்று அவரால் சொல்ல முடிந்தது. எதற்குப் பதிலாக எடுத்தார், அதற்கு முந்தின நாள் அவள் தனக்கு என்ன செய்தாள் என்று யோசித்தார். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ஒன்றாவது வரட்டும் என்று புடவைகளை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்த அன்பு. அவர் அனுபவித்தது மூன்றே நாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனார். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் செய்யப் பார்த்தார். "ஆண்டவரே, நான்…" என்பதற்கு மேல் ஓடவில்லை. செய்ததைச் சொல்லவோ செய்யப்போவதைச் சொல்லவோ எதுவும் மிச்சமில்லை. "அவ இல்லாம வந்திருக்கேன்" என்றார். அவ்வளவுதான் வந்தது. தன்னை யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும், வெயில் உடம்பில் படுவதுபோல, அவருக்குத் தெரிந்தது.

பாட்டு ஆரம்பித்தது. பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெரியவர் தன் பாட்டுப் புத்தகத்தை இவர் பக்கம் நகர்த்தினார். கேட்டுக்காரர் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். கண்ணீரில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. கடைசி அடிவரை கையை எடுக்கவுமில்லை.