மஸீனாவின் கடல்

என் மனைவிக்கு ஒரு கடல் இருந்தது. மாத்தளை மாவட்டத்தில் கடல் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுடைய கடல் நாற்பது ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளில் இருந்தது. கரையே இல்லாத கடல். நான்கு வருடம் அந்தக் கடலோடு சேர்த்துத்தான் நான் குடும்பம் நடத்தினேன்.

எங்கள் மிளகுக் கடை அலுவிகாரையில், பெரிய ரோட்டோரம் இருக்கிறது. மஸீனா பேராதனையில் பௌதிகம் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரின் கீழ், வீட்டிலிருந்தே செய்யும் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்துகொண்டாள். வீடு என்றால் கடைதான். சாக்குகளுக்குப் பின்னால் ஒரு மேசை, அதில் ஒரு மடிக்கணினி. விண்வெளித் தொலைநோக்கி எடுத்து எல்லோருக்கும் திறந்துவிட்ட அளவீடுகளை அங்கே உட்கார்ந்து அலசுவாள். மிளகுத் தூசிக்குத் தும்மிக்கொண்டே பிரபஞ்சத்தை ஆராய்ந்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

"அந்தக் கோளை நீ பாத்திருக்கியா?" என்று தொடக்கத்தில் கேட்டேன்.

"யாரும் பாக்கல்ல. அது நட்சத்திரத்துக்கு முன்னால போற நேரம் வெளிச்சம் துளி கொறையும். அதுல பருமன் தெரியும். எடை வேற வழியில கெடைக்கும்."

"அப்ப லீட்டர் எடை போடலாமே!"

அவள் என்னை அன்றுதான் முதன்முதலாக மரியாதையோடு பார்த்தாள். மிளகு வாங்குகிறவர்களுக்கு அதுதான் ஆரம்பம். ஒரு லீட்டர்ப் பாத்திரம் நிறைய மிளகு எத்தனை கிராம் என்று பார்ப்போம்.

"அதேதான். ஆனா நல்லா முத்திக் காஞ்ச மிளகும், பிஞ்சாப் பறிச்சு ஈரம் போகாத மிளகும் சில நேரம் ஒரே எடை காட்டும்தானே? இந்தக் கோளும் அப்பிடித்தான். உள்ள பாறை, மேல லேசான வாயு மூடியிருக்கலாம். இல்லாட்டி பாதி பாறை, பாதி தண்ணியா இருக்கலாம். எதுன்னு அதோட காத்துதான் சொல்லணும்."

கோளின் ஓரத்துக் காற்றை ஊடுருவி வரும் ஒளியில் சில நிறங்கள் மங்கியிருந்தால் அங்கே நீராவி இருக்கிறதாம். ஒரு பகலில் அவள் சாக்குகளுக்குப் பின்னால் கத்தினாள். பாம்பு என்று நினைத்து நான் தடியோடு ஓடினேன். திரையில் ஒரு வளைந்த கோடு. "தண்ணி!" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் அஸர் தொழுகை முடிந்து தேத்தண்ணியோடு கடல் வரும். நூற்றுக்கணக்கான மைல் ஆழம். அடியில் அழுத்தம் தாங்காமல் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கவே ஐஸாக இறுகிக் கிடக்கும். சூரியன் எழுவதுமில்லை, மறைவதுமில்லை, ஒரே இடத்தில் சிவப்பாக நிற்கும். "அங்க மீன் என்ன விலை?" என்று கேலி செய்வேன். ஆனால் அவளுக்குத் தெரியாமல் நானும் அங்கே போய்வர ஆரம்பித்திருந்தேன். தராசில் சாக்கு ஏறிக்கொண்டிருக்கும், என் காலடியில் சிவந்த அலை வந்து போகும்.

ஆய்வேட்டைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. இனித் தவறினால் பட்டம் இல்லை. தலைப்பிலேயே கடல் இருந்தது.

அதற்கு முந்தைய புதன்கிழமை, யட்டவத்தப் பக்கமிருந்து மாரிமுத்து ஒரு சாக்கு மிளகோடு வந்தார். ஈரமானியின் கோப்பையில் மஸீனா மிளகைக் கொட்டினாள். நூற்றுக்குப் பதினேழு ஈரம் காட்டியது.

"ஈரம் கூடிப்போச்சே, மாரிமுத்தண்ணே. இந்த வெலைக்கு எடுக்க ஏலாது."

"அஞ்சு நாள் வெயில்ல கெடந்தது, தங்கச்சி. ஒண்ணக் கடிச்சுப் பாருங்க."

"மெஷின் பொய் சொல்லுமா?" என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி.

மஸீனா ஒரு மிளகைக் கடித்தாள். டக்கென்று உடைந்தது. ஈர மிளகு அப்படி உடையாது. அவள் கோப்பையைக் கவிழ்த்து உள்ளே விரலை விட்டாள். விரல் நனைந்தது. காலையில் கோப்பையைக் கழுவியவன் நான். துடைக்கவில்லை. துடைத்துவிட்டு அளந்தபோது பன்னிரண்டு காட்டியது.

"தண்ணி மிளகுல இல்ல, கோப்பையில" என்றாள். மாரிமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டு முழு விலையும் கொடுத்தாள். பிறகு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன?"

"நட்சத்திரம். அதையும் நான் தொடைக்கல்ல."

அந்த மாதிரிச் சின்ன நட்சத்திரங்களில் கரும்புள்ளிகள் உண்டாம். அவை குளிர்ந்தவை. நீராவி அங்கேயே இருக்குமளவு குளிர்ந்தவை. கோளைப் பார்க்க உதவும் வெளிச்சமே நட்சத்திரத்தினுடையது. அது சுத்தமானது என்று எண்ணி, அதன் தண்ணீரையெல்லாம் அவள் கோளின் கணக்கில் எழுதியிருந்தாள்.

அந்தக் கரும்புள்ளிகளையும் சேர்த்து நான்கு நாள் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டாள். ஞாயிறு பின்னேரம் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். அந்த வளைந்த கோட்டுக்கு நட்சத்திரத்தின் நீராவியே போதும், கோளில் தண்ணீரே தேவைப்படவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "பழையதையே குடு. யாரு அங்க போய்ப் பாக்கப்போறாங்க?"

"மாரிமுத்தண்ணேட மிளகையும் யாரும் பாத்திருக்க மாட்டாங்க."

"கடல் இருக்கலாம்தானே, மஸீனா?"

"இருக்கலாம். ஆனா நான் கண்டது அதை இல்ல."

அவள் தலைப்பிலிருந்து கடலை அழித்தாள். இருக்கிறதா இல்லையா என்று இந்த அளவீடுகளை வைத்துச் சொல்ல முடியாது என எழுதி, திங்கட்கிழமை அனுப்பினாள். பட்டம் கிடைக்குமோ என்னவோ, இன்னும் பதில் வரவில்லை.

அனுப்பிய கையோடு எழுந்து ஈரமானியின் கோப்பையைத் துடைக்கப் போனாள். நான் சாக்கில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"யா அல்லாஹ்! நீங்க என்னத்துக்கு அழுறீங்க?" என்றாள். "அது என்ட கடல்தானே?"

"எனக்கும் அது ஒண்ணுதான் இருந்திச்சு" என்றேன்.