மூன்றாவது வளைவில் குட்டிக்கரணம்

எடைமேடையில் லாரிகளை நிறுத்து எடைச்சீட்டு கிழித்துக் கொடுக்கும் உத்தியோகம் அவருக்கு வாரத்தில் ஆறு நாள்தான். ஏழாம் நாள் அவர் பந்தய வீரர். அவர் ஓட்டுவதும் லாரி வம்சம்தான்; என்ன, முழ நீளம், இரண்டே முக்கால் கிலோ. கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்று, கீழே மண்மேட்டிலும் பள்ளத்திலும் அதை விரட்ட வேண்டும்.

மூன்று வருடமாக ஒரு பந்தயத்தைக்கூட அவர் கவிழாமல் முடித்ததில்லை. மூன்றாவது வளைவு கூர்மையான இடப்பக்கத் திருப்பம். அங்கே வந்ததும் வண்டி வலது தோளைச் சரித்து, மூக்கை மண்ணில் குத்தி, மல்லாந்துவிடும். கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்தி வைக்க அந்த வளைவில் நிற்பவர் ஒரு பிளம்பர். நம் வீரரின் வண்டி கிளம்பும்போதே அவர் சட்டைக் கையை மடித்துக்கொள்வார். களத்தில் நம் வீரருக்குப் பெயரே ‘குட்டிக்கரணம்’.

இயற்கை இழைத்த இந்த அநீதியை அவர் அறிவியலால் எதிர்கொண்டார். குலுக்கலைத் தாங்கும் ஷாக் குழாய்களில் கெட்டி எண்ணெய் ஊற்றினார், கவிழ்ந்தது. நீர்த்த எண்ணெய் ஊற்றினார். இன்னும் உற்சாகமாகக் கவிழ்ந்தது. டயரை மாற்றினார். ஒரு மாதம் முழுக்கக் களத்து மண்ணைத் திட்டிப் பார்த்தார்.

இத்தனை ஆராய்ச்சிக்கும் கூடம் சாப்பாட்டு மேசை. பொறுமைசாலி என்று பெயரெடுத்திருந்த மனைவி, அந்தச் சனிக்கிழமை மாலை அந்தப் பதவியை ராஜினாமா செய்தார்.

“ஏங்க, ஒரே பேச்சு. நாளைக்கு அது கவுந்துச்சுன்னா மேசை எனக்கு, வண்டி பரணுக்கு.”

“கவுழலேன்னா?”

“மேசையோட நீங்களே குடும்பம் நடத்துங்க.”

அவர் குனிந்து, புதிதாகக் கழற்றிப் பூட்டிய வண்டியின் அடிவயிற்றுக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியை நான்கு மூலையிலும் அளந்தார். வலது முன்மூலை வழக்கம்போலக் கூடுதல் காட்டியது. வழக்கம்போல அந்த ஸ்பிரிங்கை நாலு சுற்று தளர்த்தினார். இப்போது நான்கிலும் இருபத்தெட்டு மில்லிமீட்டர். திருப்தியாக நிமிர்ந்ததில் முழங்கை இடித்துத் தண்ணீர் டம்ளர் சாய்ந்தது. தண்ணீர் அக்கம்பக்கம் பார்க்காமல் நேரே ஓடி, வலது முன்சக்கரத்தடியில் குளம் கட்டியது.

“இது ஏன் இங்க வந்து நிக்குது?”

“அங்க பள்ளம். வாங்கின நாள்லேருந்து அந்த மூலை தொங்கிட்டுத்தான் இருக்கு. எது கொட்டினாலும் அங்கதான் போகும். உங்களுக்குத் தெரியாதா?”

எடைமேடையில் ஒரு பிடி சேறு கிடந்தாலும், “முதல்ல பூஜ்யம் காட்டணும், அப்புறம்தான் லாரி ஏறணும்” என்று ஓட்டுநர்களை விரட்டுகிற மனிதர் அவர். அப்பேர்ப்பட்டவர் மூன்று வருடமாகப் பள்ளத்துக்கு அளவெடுத்து, நன்றாக இருந்த வண்டியை நொண்டியாக்கியிருக்கிறார்.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

“பூஜ்யம் பாக்கலம்மா.”

எடைமேடைக்காரரின் மனைவிக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், பீரோ கண்ணாடியைத் திருகாணி கழற்றித் தானே எடுத்து வந்தார்.

“இதுல பள்ளம் கிடையாது. வச்சுப் பாருங்க. கீறல் விழுந்துச்சு, உங்களையும் பரண்ல ஏத்திடுவேன்.”

தரையில் விரித்த போர்வை மேல் கண்ணாடி. அதன் மேல் வண்டி வலது தோள் தொங்கிப்போய், பல்வலிக்காரர் மாதிரி ஒருபக்கமாய் நின்றது. ஸ்பிரிங்கை நாலு சுற்று முறுக்கியதும் தோள் நிமிர்ந்தது.

மறுநாள் பந்தயத்துக்கு மனைவியும் வந்தார். தீர்ப்பு சொல்ல நீதிபதி நேரில் இருக்க வேண்டுமல்லவா? முதல் சுற்று, மூன்றாவது வளைவு. வண்டி சாய்ந்தது, தாங்கியது, திரும்பியது. பிளம்பர் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். இரண்டாவது சுற்றும் அப்படியே. ஆறாவது, கடைசிச் சுற்றில் இவர் பயத்தில் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் தாண்டிப் போனார்கள். ஒன்பது வண்டியில் ஒன்பதாவதாக, நான்கு சக்கரமும் தரையில் பட, கோட்டைத் தாண்டினார்.

“என்னண்ணே, இன்னிக்கு எனக்கு வேலையே வைக்கல? உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று பிளம்பர் கத்தினார்.

மனைவி மேடையருகே வந்தார். “கடைசியா?”

“கடைசிதான். ஆனா கவுழல.”

“பாத்தேன். பேச்சுன்னா பேச்சு. மேசை உங்களுக்கு.”

அவர் ரிமோட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“மேசை வேணாம்மா. அந்தக் கண்ணாடிய...”

“அப்ப நான் எதப் பாத்துத் தலை சீவுறது?”

“நான் பாத்துச் சொல்றேனே.”

“ஆமா, மூணு வருஷமா மேசைப் பள்ளம் தெரியாத கண்ணு. இதுக்கு என் வகிடு கோணல் மட்டும் தெரியப்போகுதாக்கும்!”