கேவினின் ஞாயிற்றுக்கிழமைக் குரல்

செந்தூல் அடுக்குமாடி வீட்டில் மகன் கேவினின் அறையை பெர்னடெட் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கிளாஸ்கோவுக்குப் படிக்கப் போனவன் அங்கேயே வேலையில் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. கணவர் கபிரியேலின் தம்பி மகள் ஷெர்லி, கிள்ளானிலிருந்து தினமும் கொமியூட்டர் ரயில் ஏறி வேலைக்கு வந்து அல்லாடுகிறவள், அந்த அறையைக் கேட்டுப் பார்த்தாள். அவன் வரப்போறான் லா என்று பெர்னடெட் மறுத்துவிட்டாள்.

பங்சாரில் ஒரு கால் சென்டரில் பெர்னடெட்டுக்கு வேலை. பிரிட்டன்காரர்களின் பயணக் காப்புறுதிப் புகார்களைக் கேட்க வேண்டும். ஆரம்பத்தில் கிளாஸ்கோக்காரர்கள் அவளைத் திணறடித்தார்கள். சும்மா ஒன்றைச் சொல்லி முடிக்கும்போதும் குரலை மேலே தூக்குவார்கள். கேள்வி கேட்கிறார்கள் என்று நினைத்து அவள் பதில் சொல்ல, எரிந்து விழுவார்கள். காது பழகப் பழக, வாயைத் திறந்ததுமே லிவர்பூலா லண்டனா என்று தெரிந்துவிடும். அவளும் அவர்கள் உச்சரிப்புக்கு ஏற்ற மாதிரி குரலை மாற்றி ஸ்லாங் போடுவாள்.

கேவின் ஞாயிறுதோறும் அழைப்பான். பேச்சுக்குப் பேச்சு 'லா' போட்டு, அப்படியே செந்தூல் பையனாகப் பேசுவான். பேச்சே மாறலையே, புள்ள எங்க மாறப்போறான் என்று கபிரியேலிடம் சொல்லிக்கொள்வாள்.

அந்த ஞாயிறு பேச்சின் நடுவில் அங்கே அழைப்பு மணி அடித்தது. போனை அணைக்காமல் மேசையில் வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனான். இரண்டு ஆண் குரல்கள் கேட்டன. எது தன் மகனுடையது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டுமே அந்த ஊர்க் குரல்கள். ஸ்லாங் போடுகிறவர்கள் எங்காவது ஓரிடத்தில் வழுக்குவார்கள். சிரிக்கும்போதுகூட இவன் வழுக்கவில்லை.

திரும்பி வந்தவன், "சாரி மா, பக்கத்து வீட்டு அங்கிள் லா" என்றான். அந்த 'லா' கொஞ்சம் பிந்தி வந்து ஒட்டிக்கொண்டது. கஸ்டமரிடம் தான் பேசுவதுபோல மகன் தன்னிடம் பேசுகிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோபம் வரவில்லை. வாராவாரம் இவனுக்கும் எவ்வளவு பாடு என்றுதான் தோன்றியது.

"அம்மாவுக்காக மாத்திப் பேசாதய்யா. அங்க பேசுற மாதிரியே பேசு. எனக்குப் புரியும்."

அவன் அந்த ஊர்க் குரலிலேயே, ஆங்கிலத்தில், மெல்லச் சொன்னான். அங்கே வீடு வாங்கிவிட்டானாம். சொல்ல வாய் வரவில்லையாம். வெயில் நல்லா விழுமா என்று பெர்னடெட் விசாரித்தாள்.

போனை வைத்ததும், எப்ப வரானாம் என்றார் கபிரியேல்.

"லீவுக்கு வருவான். ஷெர்லிய சனிக்கிழமை சாமான கொண்டாரச் சொல்லுங்க" என்றவள், கேவினின் அலமாரியை ஒழிக்கப் போனாள்.