வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்

அறுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். டாக்டர் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த சூடு எனக்கு இன்னும் ஆறியிருக்கவில்லை. சிவகாசிக்கும் ஆமத்தூருக்கும் நடுவே கிணறெல்லாம் வற்றி, ஊருணிக் கலங்கலைக் குடித்த ஜனங்களுக்குக் காலரா கண்டிருந்தது. ஒரு தீப்பெட்டிக் கம்பெனி தன் குடோனைக் காலி செய்து கொடுத்தது. அதைத் தற்காலிக ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். "நான் போறேன் சார்" என்று முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். காலராவை ஒற்றை ஆளாக விரட்டிவிடலாம் என்று தோன்றுகிற வயசு.

கடைசியில் ஒற்றை ஆளாகத்தான் நின்றேன். கூட வந்த நர்ஸம்மாவையும் நோய் பிடித்துக்கொள்ள, விருதுநகருக்கு அனுப்பி வைத்தோம். மாற்றாள் வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. உதவிக்கு இருந்த இரண்டு பேரும் தூக்குவதும் துடைப்பதுமாக ஓய்ந்துபோயிருந்தார்கள். பேச்சுக்கு வாயைத் திறக்கத் தெம்பில்லை. மேலதிகாரி ஜீப்பில் வருவார். இறங்க மாட்டார். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டுக்கொண்டு, "தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். ஓட்டல்காரர் சோற்றுப் பொட்டலத்தை முள்வேலியோரம் ஒரு கல்லின் மேல் வைப்பார். "டாக்டரய்யா, சோறு வச்சிருக்கேன்" என்று கத்திவிட்டு, நான் எட்டிப் பார்ப்பதற்குள் சைக்கிளை மிதித்துவிடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு.

நானோ ஓயாமல் பேசுகிற ஆள். ஹாஸ்டலில் என்னை வாயை மூடச் சொல்லாத நண்பன் கிடையாது. அங்கே நாள் முழுக்க என் காதில் விழுந்தது "தண்ணி... தண்ணி" என்ற முனகல் மட்டும்தான். போகப் போக நோயாளிகளின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். கையைத்தான் பார்ப்பேன், ரத்தக்குழாய் தெரிகிறதா, ஊசி ஏறுமா என்று. ஒரு பெரியவர் இறந்தார். நான் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அப்படித் தோன்றாமல் போனதுதான் சாயங்காலம் என்னைப் பயமுறுத்தியது. மறுநாள் மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் மதுரை பஸ்ஸில் ஏறிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில், தீப்பெட்டி ஒட்டுகிற ஒரு இளம்பெண்ணைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். கண் உள்ளே போயிருந்தது. நாடி இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. சலைன் ஏற்றினால் பிழைப்பாள், இல்லாவிட்டால் இல்லை. ரத்தக்குழாய்கள் சப்பையாகிக் கிடந்தன. ஊசி தவறியது. மறுபடி குத்தினேன். மறுபடியும் தவறியது.

அந்த நேரம் பார்த்து, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். "டாக்டரு, என்ன செய்றீக?"

கம்பெனி மேனேஜர். என் வயசுதான் இருக்கும். குடோன் சாவியைக் கொடுத்துவிட்டு ஆர்டர் விஷயமாக வெளியூர் போனவர், அன்றுதான் திரும்பியிருந்தார்.

"பாத்தாத் தெரியலையா? போய் உம்ம சோலியப் பாரும்."

"கோவமால்ல பதில் வருது. வெளிய வாங்க."

"இங்க ஒரு உசுரு போயிட்டிருக்குய்யா."

"அதுக்குத்தான் சொல்லுதேன். குச்சிக்கு மருந்து கலக்குற ரூம்ல நாங்க ஒத்த ஆள விடுறதில்ல. வெளிய ஒருத்தன் நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பான். பதில் வரலைன்னாலும் சரி, எரிச்சலா வந்தாலும் சரி, உள்ள இருக்கவன இளுத்து வெளிய உக்கார வச்சிருவோம். அசந்துபோனா கை தடுமாறுறது அவனுக்கே தெரியாது. வாங்க."

மூன்றாவது தடவையும் தவறியது. உதவியாளரை அவள் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து, உடைமரத்து நிழலில் உட்கார்ந்தேன். மேனேஜர் வேலியைத் தாண்டவில்லை.

"காலைல என்ன சாப்பிட்டீக?"

யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

"நேத்து?"

அதுவும் வரவில்லை.

"சரி, சொந்த ஊராவது ஞாபகம் இருக்கா?"

"கும்பகோணம்."

"வெத்தல போடுவீகளா?"

"இல்ல."

"பெறகு என்னய்யா கும்பகோணம்" என்றார்.

சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். அவர் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். நான் மூக்கைத் துடைத்ததும், "கைய நீட்டுங்க பாப்பம்" என்றார். நீட்டினேன். நடுக்கம் அடங்கியிருந்தது. "இப்பப் போங்க."

கணுக்காலில் ரத்தக்குழாய் கிடைத்தது. சலைன் சொட்டத் தொடங்கியது. மத்தியானம் மதுரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது, நான் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தபடி நாடி ஏறுவதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அவள் பிழைத்தாள்.

"மொதலாளிட்டச் சொல்லிட்டேன். குடோன் எங்களுது, அதுக்குள்ள இருக்க ஆளும் எங்க பொறுப்புதான்" என்றார் மேனேஜர். அன்றிலிருந்து என்னைக் கூப்பிட்டுப் பார்க்கக் கம்பெனியில் முறை போட்டு ஆள் அனுப்பினார்கள். பெட்டி ஒட்டுகிற பெண்கள் வந்தால் வேலியோரம் நின்று, "டாக்டரய்யா, சாப்பிட்டீகளா?" என்பார்கள். நான் கொஞ்சம் வெடுக்கென்று சொன்னால் போதும். "ஏட்டி, கோவம் வந்திருச்சுடி, வெளிய வரச் சொல்லு" என்று சிரிப்பார்கள்.

அதனால் தனிமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். எல்லாரும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் நின்றார்கள். எனக்கு மாற்று டாக்டர் வந்து நான் கிளம்பும்வரை ஒருவரும் என் கையைத் தொடவில்லை. ஆனால் பதில் சொல்வதற்காகவாவது நான் வாயைத் திறந்தேன். கட்டிலில் கிடந்தவர்களின் முகம் மறுபடி கண்ணில் பட்டது.

இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். சுற்றிலும் ஆட்கள். ஒரு கூட்டத்தில் எழுந்து, "வார்டில் தனியா நிக்கிற டாக்டரைக் கூப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் போடுங்க சார்" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மறுபடியும் கேட்கத்தான் போகிறேன். ஏனென்றால் கூப்பிட யாரும் இல்லாத நாட்களில், என் பதில் எரிச்சலாக வந்திருக்குமா என்று எனக்கே தெரியாமல் போவதுதான் இன்றைக்கும் என் பயம்.