ஷாதி மஹாலில் கடைசி வட்டம்

என் வலது கட்டைவிரலை ஒரு காலத்தில் என் அம்மாவைத் தவிர எல்லோரும் மதித்தார்கள். செல்போனில் நான்கு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில், நாடு முழுக்கப் பேர் தெரிந்த அணிகளில் எங்கள் ஆம்பூர் அணியும் ஒன்று. நாங்கள் ஆடுவதை முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். இந்தூர்க்காரன் ஒருவன் என் விரலுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லி எழுதியிருந்தான். அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"அந்த வெரலால இந்தப் பூண்ட உரி" என்றாள்.

விளையாட்டு இதுதான். பதினாறோ பதினேழோ அணிகள் ஒரு தீவில் குதிப்போம். கிடைத்த துப்பாக்கியைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். தீவின் மேல் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அதற்கு வெளியே மாட்டினால் சாவு. கடைசி வரை உயிரோடு நிற்கும் அணிக்கு அதிகப் புள்ளி. எங்களில் ஒருவன் முன்னால் பாய்பவன், ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன், தினமும் ரயிலேறி வருவான். இன்னொருவன் மருந்தும் குண்டும் சுமப்பவன். மூன்றாமவன் தூரத்திலிருந்து குறி வைத்துச் சுடுபவன். பாய் வீட்டுப் பையன், என் பள்ளிக்கூடத் தோஸ்த், அணியின் உயிரே அவன்தான். நான் வழி சொல்பவன். எங்கே இறங்குவது, எப்போது ஓடுவது என்று ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பது என் வேலை. கேட்பதற்குத் தளபதி மாதிரி இருக்கும். சுடத் தெரியாதவனை அணியில் வைத்துக்கொள்வதற்கு அதைவிட மரியாதையான வழி கிடையாது என்பதுதான் உண்மை.

எங்களோடு மோதிய அணிகளெல்லாம் பெங்களூரிலும் பம்பாயிலும் ஏசி வீடெடுத்து, சமையல்காரர் வைத்து ஆடினார்கள். எங்கள் கூடம், ஷூவுக்கு மேல்பாகம் தைக்கும் ஒரு பட்டறையின் மாடி. கீழே தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடும்போது தரை அதிரும். தரை அதிர்ந்தால் தொடை அதிரும், தொடை அதிர்ந்தால் போன் அதிரும், அப்புறம் குறியாவது ஒன்றாவது. ஷூவுக்குள் ஒட்டும் ஸ்பாஞ்சின் கழிவை வாங்கி அடுக்கடுக்காகப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தோம். அப்படியும் போதவில்லை. ஆகவே சண்டைகளையெல்லாம் கீழே டீ குடிக்கும் நேரத்துக்குத் தள்ளி வைப்பதை ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டோம். மெஷின் நின்றதும் "டீ டைம்!" என்று நான் கத்துவேன், நாலு பேரும் மறைவிலிருந்து வெளியே பாய்வோம். எங்கள் ஆட்டத்தை ஆராய்ந்த வடநாட்டு நிபுணர் ஒருவர், இந்த அணி அதுவரை பதுங்கியிருந்துவிட்டு நாலு மணிக்கு மேல் திடீரென்று வெறி பிடித்து ஆடுவதன் மனோதத்துவம் என்ன என்று நீண்ட வீடியோவே போட்டார். மனோதத்துவம் இஞ்சி டீ.

காலை பதினொன்றுக்கு எழுந்து, ஒரு மணிக்கு மாடியேறி, ஏழு வரை மற்ற அணிகளோடு பயிற்சி ஆட்டம், அப்புறம் யாரால் செத்தோம் என்று ஒரு மணி நேரம் சண்டை. இதுதான் வாழ்க்கை. பிறகு மசூதித் தெருமுனையில் நின்று நாலு பேரும் நாலு பக்கம் பார்த்துக்கொண்டு டீ குடிப்போம். டீ முடிவதற்குள் சமாதானம் ஆகியிருக்கும். கட்டைவிரல்களைப் புதுப்பெண் போல வைத்திருந்தோம். பவுடர் போட்டோம். கேஸ் சிலிண்டர் தூக்க மாட்டோம், கேட்ச் பிடிக்க மாட்டோம். ஆட்டம் உள்ள நாளில் எண்ணெய் படக்கூடாது என்பதற்காக ஸ்பூனால் சாப்பிடுவோம். ஆம்பூரில் பிரியாணியை ஸ்பூனால் சாப்பிட்டால் என்ன ஆகும் தெரியுமா? "ஒடம்பு சரியில்லியா தம்பி?" என்று பரிமாறுபவரே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

இப்போது நான் அதே விளையாட்டுக்குத் தமிழில் வர்ணனை சொல்கிறேன். கத்துவதற்கு மட்டும் கூலி கிடைக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் இடையில் இத்தனை முறை செத்திருக்க மாட்டேன். என் அறையில் இன்று நல்ல நாற்காலி இருக்கிறது, தரை ஆடுவதில்லை. எங்கேயாவது தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் மட்டும் கால் தானாக ஸ்பாஞ்சைத் தேடுகிறது.

தோஸ்த்தின் அப்பா ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பகுதியைக் கவனித்து வந்தார். மகன் ஆடுவதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. யாராவது கேட்டால் "பையன் மாடில காத்தாடி விட்டுனு கீறான்" என்பார். அந்த வருஷம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நாட்டின் இறுதிப் போட்டி பெரிய ஊரில், மேடை போட்டு, ஜனங்களுக்கு முன்னால் நடக்கும். தகுதிச் சுற்றில் முதல் பதினாறு அணிகளுக்குத்தான் அங்கே இடம். "அங்க போனா போ. நானே டிரெயின் ஏத்தி உட்றேன். போகலன்னா திங்கக்கெழமை என் கூட வேலைக்கி வர்ற. அதுக்கப்பறம் இந்தப் பேச்சே கூடாது" என்றார். தோஸ்த் சரி என்று தலையாட்டினான். அவனில்லாமல் எங்களுக்கு அணியே கிடையாது என்பதால் நாங்களும் சேர்ந்து ஆட்டினோம்.

தகுதிச் சுற்றின் கடைசி நாளும் அவன் அக்காவின் நிக்காஹ்வும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தன. இரண்டையும் தள்ளி வைக்க முடியாது. பதினோரு மணிக்கு நிக்காஹ், பிறகு விருந்து, ஐந்து மணிவாக்கில் பெண்ணை வழியனுப்புவது. எங்களுக்கு இரண்டு மணியிலிருந்து நாலு ஆட்டம். ஷாதி மஹாலின், அதாவது கல்யாண மண்டபத்தின், மாடியில் மாப்பிள்ளை உடை மாற்றும் அறையைக் கேட்டு வாங்கினோம். திருட்டு ஆட்டம் இல்லை என்று காட்ட ஒவ்வொருவர் கையையும் படம்பிடிக்கும் கேமரா வேண்டும்; அதை ஜிகினா மாலை தொங்கிய கண்ணாடியில் கட்டினோம்.

அன்று காலை மொத்தப் பட்டியலில் நாங்கள் பதினான்காவது இடம். ஜாக்கிரதையிலும் குறை வைக்கவில்லை. தோஸ்த் மருதாணி வேண்டாம் என்றான், விருந்துக்கு உட்காரவில்லை. எல்லாவற்றையும் யோசித்த எங்கள் நாலு மூளைக்கும் ஒன்று மட்டும் எட்டவில்லை. பெண்ணின் தம்பி வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் அத்தர் பூச வேண்டும். ஒவ்வொருவர் புறங்கையிலும் குச்சியால் அத்தரைத் தொட்டு வைப்பான். அவர் அதை இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டு, அதே இரண்டு கையால் இவன் கைகளைப் பிடித்து ஸலாம் சொல்வார். ஊரே வந்த கல்யாணம். கொடுத்த அத்தரையெல்லாம் அவன் விரலிலேயே திருப்பித் தேய்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முதல் ஆட்டத்தில் அவன் விரல் போன் கண்ணாடிமேல் சறுக்கு மரம் விளையாடியது. எதிரில் நின்றவனைக் குறி வைத்தால் துப்பாக்கி வானத்தைப் பார்த்தது.

"யார சுடற நீ?" என்று கத்தினேன்.

"வெரலு நிக்கல மச்சி."

"மோந்து பாரு, சொர்க்கத்துக்கே போயிட்டோம்" என்றான் ஜோலார்பேட்டைக்காரன். அடுத்த நிமிடம் போய்விட்டோம். மொத்தப் பட்டியலில் பத்தொன்பதாவது இடத்துக்கு இறங்கினோம்.

சோப்புக்கு அத்தர் அசையவில்லை. அவனை மஹாலின் பின்புறம், பிரியாணி அண்டாக்களான தேக்சாக்கள் இருந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். பண்டாரி, அதாவது சமையல் மாஸ்டர், அடுப்புச் சாம்பலையும் எலுமிச்சை மூடியையும் காட்டினார். நான் மண்டி போட்டு என் தோஸ்த்தின் கட்டைவிரல்களைக் குண்டான் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன்.

"இன்னா தளபதி, வேலைக்கி ஆள் சேர்ந்துட்டியா? அப்படியே இந்தக் கரண்டியும்" என்றார் பண்டாரி.

இரண்டாவது ஆட்டத்தில் அவன் சுட்டதை இப்போதும் என் வர்ணனைகளில் உதாரணம் சொல்கிறேன். மூன்றாவதிலும் அப்படியே. பதினைந்தாவது இடத்துக்கு ஏறினோம். எல்லாம் கடைசி ஆட்டத்தின் கையில்.

கடைசி ஆட்டத்தில் வழக்கம்போல நான் முதலில் செத்தேன். தளபதிகளுக்கு அது ஒரு வசதி. செத்த பிறகும் கத்தலாம். மருந்து சுமப்பவன் போனான். ஜோலார்பேட்டைக்காரன் போனான். தோஸ்த் தனியாக ஒரு பாறைக்குப் பின்னால். வட்டம் சுருங்கச் சுருங்க, அவன் உயிரோடிருந்த ஒவ்வொரு நிமிடமும் எங்களுக்கு இடம் கூடியது. இரண்டு பேரை வீழ்த்தினான். மூன்றாவது ஆள் மேட்டிலிருந்து அடித்தான். அவ்வளவுதான். பட்டியல் வந்தது. ஒரே ஒரு புள்ளி குறைந்து பதினேழாவது.

மருந்து சுமப்பவன் கண்ணாடியிலிருந்து கேமராவை அவிழ்த்தான். கீழேயிருந்து ஆள் வந்து, அக்கா கிளம்புகிறாள், அப்பா கூப்பிடுகிறார் என்றான். இறங்கினோம்.

முற்றத்தில் ஒரே கூச்சல். மேடையைத் தூரத்தில் உள்ளவர்களுக்குக் காட்ட வைத்திருந்த பெரிய திரையில் மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் எங்கள் ஆட்டத்தைப் போட்டுவிட்டிருந்தார்கள். அதில் தோஸ்த் பாறைக்குப் பின்னால் இன்னும் உயிரோடு இருந்தான். இதற்குப் பேர் நேரலைதான். ஆனால் எதிரணி திரையைப் பார்த்து எங்கள் இடத்தைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகப் பத்து நிமிடம் தாமதமாகத்தான் காட்டுவார்கள். அது முற்றத்தில் யாருக்கும் தெரியாது. முன்வரிசை நாற்காலியில் அவன் அப்பா.

"நம்ம பையன் எங்க?"

"அதோ பாய், அந்தக் கல்லு பின்னால. ஒத்த ஆளு! மத்தவனுங்கள்லாம் காலி."

"கூட இருந்தவனுங்க எங்க போய்ட்டானுங்க?"

"அந்த வழி சொல்ற பையன் மொதல்லயே போய்ட்டான்."

"அவன் எப்பவும் அப்படித்தான்" என்றார், என்னை ஒருமுறைகூட ஆடப் பார்த்திராதவர்.

திரையில் தோஸ்த் ஒருவனை வீழ்த்தினான். அவர் நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்து ஆளின் தோளில் அடித்தார். அக்காவை ஏற்றிப் போக வந்த காரின் கதவு திறந்திருந்தது. அக்கா ஏறாமல், முக்காட்டைக் கொஞ்சம் தூக்கித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பக்கத்தில் போய் நின்றதும் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"போச்சா?"

தலையாட்டினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாத. அப்பா பாக்கட்டும்."

அப்போதுதான் அப்பா திரும்பினார். மகனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி மகனைப் பார்த்தார்.

"டேய், நீ இங்க நிக்கற! அங்க யாரு ஆடறது?"

"நான்தாம்பா."

"அப்ப போய் ஆட்றா! இங்க இன்னா வேல உனக்கு? போ, போ!"

மூன்று வருஷமாக அவன் எதைக் கேட்க ஏங்கினானோ, அதை அப்பா ஊர் கேட்கக் கத்தினார். தோஸ்த் சிரித்தான் என்றுதான் எனக்கு ஞாபகம். அழுதான் என்று ஜோலார்பேட்டைக்காரன் சொல்கிறான்.

"ஆடிட்டேம்பா. இது லேட்டா காட்டறாங்க. பாருங்க."

முற்றம் மொத்தமும் இரண்டாவது ஆள் விழுந்ததற்கு விசிலடித்தது. பிறகு மேட்டிலிருந்து அந்தக் குண்டு வந்தது. விசில் பாதியில் நின்றது. அப்பா திரையில் அந்த மேட்டைக் கைகாட்டினார்.

"மேட்டுல ஒருத்தன் இருந்தானே, பாக்கலியா?"

"பாக்கலப்பா."

"ம்." அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "வா. அக்காவ ஏத்து."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவனைத் தொழிற்சாலை வாசலில் என் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். வழியில் நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் அவன் சிரிக்கவில்லை. அப்பா முன்பே வந்து நின்றிருந்தார். ஷிஃப்டுக்குள் போய்க்கொண்டிருந்த சூப்பர்வைசரைக் கைதட்டி நிறுத்தி, மகனை முன்னால் தள்ளினார். அந்தப் பதினேழை நாங்கள் வாயால் சொல்லக்கூடக் கூசிக்கொண்டிருந்த சமயம்.

"நம்ம பையன். இன்னிலேர்ந்து வர்றான். இந்தியாவுலயே பதினேழாவது."

"எதுல பாய்?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"பதினேழாவது டீமுப்பா, ஆளு இல்ல" என்று தோஸ்த் மெதுவாகச் சொன்னான்.

"எல்லாம் ஒன்னுதான், உள்ள வா."