நான் கேட்காமல் எழுதிய வரி

எனக்கு வாய் ஜாஸ்தி என்பது வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கே தெரியும். என் கடைக்கு இட்லி மாவு வாங்க வருகிறவர்கள் ஒரு கிலோ மாவோடு அரை மணி நேரப் பேச்சையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள். அதனால்தான் வளர்ப்புக் குடும்பங்கள் நாங்கள் ஏழு பேர் அடி அண்ணாமலையில் ஒருவர் வீட்டில் கூடியபோது, மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "இவ பேசியே ஆபீசருங்களை ஓட வெச்சிடுவா" என்று என் வீட்டுக்காரர் பெருமையாக வேறு சொன்னார்.

வளர்ப்புக் குடும்பம் என்றால் தத்தெடுப்பு இல்லை. பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடிகிற காலம் வரைக்கும் ஒரு பிள்ளையை அரசாங்க உத்தரவோடு நம் வீட்டில் வைத்து வளர்ப்பது. எங்களிடம் வந்தவளுக்கு அப்போது எட்டு வயது. அவள் அம்மா வேலூரில் சிகிச்சையில் இருந்தார். மாதம் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவோம். ஆரம்பத்தில் என்னை "நீங்க" என்றுதான் சொன்னாள். இரண்டாம் மாதம் ஒரு நாள், "பெரிம்மா, நீ சட்னியில உப்பே போடல" என்றாள். அந்த "நீ" கொடுத்த சந்தோஷத்தில் உப்பில்லாத சட்னியை நானே வழித்துத் தின்றேன்.

நாங்கள் கூடியதற்குக் காரணம் எங்களில் ஒரு குடும்பத்தில் நடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கடிதம் வந்தது, திங்கட்கிழமை காலையில் பையனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அரையாண்டுப் பரீட்சையில் பாதிதான் எழுதியிருந்தான். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பிள்ளையை மாற்றுவதானால் முப்பது நாள் முன்னால் சொல்ல வேண்டும், அதன் விருப்பத்தை நேரில் கேட்டு அதன் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும், இதைச் சட்டமாகவே போட வேண்டும். இவ்வளவுதான் மனு.

இவ்வளவுதான் என்கிறேன், எழுதியது ஆறு பக்கம். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் அதைப் பார்த்து நன்றாக எழுத எங்கள் வீட்டுப் பிள்ளையை உட்காரவைத்தேன். ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். "பெரிம்மா, ஒரே விஷயத்தை மூணு தடவை சொல்லியிருக்க, ஆபீசர் தூங்கிடுவாரு" என்று ஆறு பக்கத்தை இரண்டாக்கினாள். போனால் போகிறதென்று விட்டுக்கொடுத்தேன்.

கடைசி வரிகளில் பேனா நின்றது.

"'எங்களிடம் வளரும் குழந்தைகள் எங்களுடனேயே இருக்க விரும்புகிறார்கள்.' இதை யாரைக் கேட்டு எழுதினீங்க?"

பழைய "நீங்க" திரும்பி வந்துவிட்டது. சுருக்கென்றது எனக்கு.

"ஏன்டி, உனக்கு இங்க என்னா குறை?"

"குறைன்னு சொன்னனா? கேட்டீங்களானு கேக்கறேன்."

வீட்டுக்காரர் வேர்க்கடலை உரிப்பதை நிறுத்திவிட்டுச் சிரிப்பை அடக்கினார். அடக்கமாட்டாரா பின்னே? பிள்ளையைக் கேட்காமல் முடிவு பண்ணாதே என்று ஆறு பக்கம் எழுதிய மகராசி, இரண்டு வருஷமாகப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற பிள்ளையை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மறதியெல்லாம் இல்லை, பயம். அவள் அம்மா குணமாகி வேலைக்குப் போக ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருந்தது.

"சரி, இப்போ கேக்கறேன். நீ எங்க இருக்கணும்னு ஆசைப்படற?"

"அம்மாகிட்ட" என்றாள் உடனே. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "இப்போ இல்ல பெரிம்மா. முழுப் பரீட்சை முடிஞ்சப்புறம். லீவுக்கு இங்க வருவேன். பௌர்ணமிக்கும் வருவேன், அன்னிக்குக் கிரிவலத்தால கடையில கூட்டம் ஜாஸ்தி, நீ ஒண்டியா சமாளிக்க மாட்ட."

"அடிப்பாவி, எல்லாத்தையும் யோசிச்சு வெச்சிருக்கியா?"

"நீதான் கேக்கவே இல்லையே."

என் வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னதை அவளையே எழுதச் சொன்னேன்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவை வாங்கிய அதிகாரி அம்மா, அந்த இடத்தை இரண்டு தடவை படித்துவிட்டு "யாரும்மா இது எழுதினது?" என்றார். "நான்தாங்க மேடம்" என்று இவள் முன்னால் போய் நின்றாள். இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசினார்கள். பக்கத்தில் நின்ற என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரர் இன்னமும் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சட்டம் இன்னும் வரவில்லை. மனு மேலிடத்துக்குப் போயிருக்கிறதாம். நானும் விடுவதாக இல்லை, மாதா மாதம் போய் நிற்கிறேன். ஆனால் நான் கேட்டது முப்பது நாள் அவகாசம், அவள் எனக்குக் கொடுத்தது பரீட்சை முடிகிற வரைக்கும் எழுபது நாள். எழுபது நாளும் கிரைண்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் அழுதேன். "இந்த மாவுக்கு உப்பே வேணாம் போ" என்றார் வீட்டுக்காரர். அவர் கண்ணும் சிவந்துதான் கிடந்தது.

போகிற அன்றைக்கு, அவள் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கிய பிறகு, இவள் மட்டும் உள்ளே ஓடிவந்து என் கையில் ஒரு தாளைத் திணித்தாள். "அடுத்த மனுவுல இதையும் சேத்துக்கோ. மறந்துடாத."

முத்து முத்தாக ஒரே வரி: "குழந்தையை மாற்றும்போது பெரியம்மாவையும் கேட்க வேண்டும்."