சந்தனம் வைத்த புத்தகங்கள்

என் அம்மா புத்தகங்களைக் கம்ப்யூட்டருக்குள் வைக்கிற வேலை பார்க்கிறாள் என்றுதான் மூன்றாம் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். வீட்டில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். "பாதி லைப்ரரிய உள்ள ஏத்தியாச்சு" என்பாள் அம்மா, சோற்றைப் பிசைந்தபடி. "மிச்சத்த எப்ப ஏத்துவ?" என்பார் அப்பா. ஒரு சனிக்கிழமை அம்மா என்னைத் தன் பல்கலைக்கழக நூலகத்துக்கு அழைத்துப்போனாள். போய்ப் பார்த்தால் புத்தகங்கள் எல்லாம் அலமாரியில்தான் இருந்தன. கம்ப்யூட்டரோ எங்கள் வீட்டு இட்லிப் பானையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அம்மா பொய் சொல்கிறாளா, இல்லை வேலையை ஒழுங்காகச் செய்யவில்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. இதைக் கண்டுபிடித்து அவளை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்று கொஞ்ச நாள் பயந்துகொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் சர்க்கார் வீட்டில் மே மாதம் முழுக்கக் கூலருக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே அப்பாவுக்கு இடுப்பு வலி வந்திருந்தது. மனிதர்களுக்குக் கிடைக்காத குளிர்ச்சி ஒரு பெட்டிக்கு எதற்கு என்று கேட்டேன். "அதுக்குச் சூடு ஆகாதுட்டி" என்றாள் அம்மா. எனக்கும்தான் ஆகாது. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

இப்போது விளக்குவது எளிது. அந்த நாளில் ஒரு புத்தகம் வேண்டுமென்றால் மர இழுப்பறைகளில் அடுக்கியிருக்கும் அட்டைகளை விரலால் தள்ளித் தள்ளித் தேட வேண்டும். அந்த அட்டைகளில் இருந்ததையெல்லாம் அம்மாவும் அவளுக்குக் கீழே இருந்த சிலருமாகக் கம்ப்யூட்டரில் அடித்து ஏற்றினார்கள். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் கருப்புக் கோடு போட்ட ஒரு சின்ன லேபிளை ஒட்டினார்கள். எங்கள் பக்கத்தில் வேறெந்தப் பல்கலைக்கழகமும் அப்போது இதைச் செய்யத் துணியவில்லை. நூலகத்திலேயே பலர் அதை "மேடம் கா கிலோனா" என்றார்கள். மேடத்தின் பொம்மை. அம்மாவே அதை வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். பொம்மை என்றால் சந்தோஷப்படத்தானே வேண்டும் என்று நான் குழம்புவேன்.

அந்த வருஷம் தசரா முடிந்த மறுநாள் தொடக்க விழா. துணைவேந்தர் தன் கையாலேயே முதல் புத்தகத்தைக் கம்ப்யூட்டர் வழியாக எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. பெங்களூரிலிருந்து இரண்டு பெரிய மனிதர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குத் திருப்தியானால் அம்மா இரண்டு வருஷத்துக்குப் பெங்களூர் போய், அங்கே பல பல்கலைக்கழகங்களுக்கும் இதையே செய்துகொடுக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டுக் காத்திருந்த வேலை அது. எங்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்; அப்பாவின் வேலை டெல்லியில். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. நான் அறைக்குள் நுழைந்தால் பெங்களூர் என்ற பேச்சு சட்டென்று நின்றுவிடும். பெங்களூரில் எங்களுக்கு வேண்டிய யாரோ செத்துப்போயிருக்கிறார்கள், எனக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

சரஸ்வதி பூஜைக்கு மயூர் விஹாரிலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவின் தங்கை. சமையலறையில் வடைக்கு மாவு அரைத்துக்கொண்டே, "ரெண்டு வருசம்னா சும்மாவா மைனி? அண்ணனுக்கு வெந்நி போடக்கூடத் தெரியாதே" என்றாள்.

"கத்துக்கிடட்டும்" என்றாள் அம்மா.

வெந்நீர் போடக் கற்றுக்கொள்ள இரண்டு வருஷமா? அப்பா அவ்வளவு மக்கு என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. கூடத்துக்குப் போய் அவரை இரக்கத்தோடு பார்த்தேன். அவர் பூஜைக்குச் சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குச் சாமி விஷயத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் அந்த முறை விழாவில் வைக்கப்போகும் புத்தகங்களைக் கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கே உள்ளூரப் பயம். என் பள்ளிப் புத்தகங்களுக்கு மேலே அந்தத் தடித்தடியான இங்கிலீஷ் புத்தகங்களை அடுக்கினார் அப்பா. லோதி ரோடு பள்ளியில் எனக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பாடநூல் எல்லாவற்றுக்கும் அடியில் போனது. பூஜையில் வைத்துவிட்டால் படிக்கக்கூடாது என்பது எவ்வளவு நல்ல சட்டம்!

"அட்டையில சந்தனத்த வச்சிராதிய. யுனிவர்சிட்டி புக்கு, கறை போகாது" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"பின்ன எங்கன வைக்க?"

வடை பொரிகிற சத்தத்தில் அது அவளுக்கு எட்டவில்லை போல. எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. அப்பா மேலே இருந்த புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தைத் திறந்தார். புதுக் கணக்குப் புத்தகத்துக்கு வைப்பதுபோல மேல் ஓரத்தில் இருந்த லேபிளின் நட்டநடுவில், கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். லேபிளுக்கு மேலே டேப் ஒட்டியிருந்ததால் தாளில் ஊறவில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அப்படியே செய்தார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். எனக்கு அது மிகவும் பொருத்தமாகப்பட்டது.

ஆனால் பூஜைக்கு முந்தின இரவு சாப்பிடும்போதுதான் அம்மா எனக்கு அந்த லேபிளைப் பற்றிச் சொல்லியிருந்தாள். "ஒரு லைட்டு பேனா இருக்குட்டி. இந்தக் கோட்டு மேல இழுத்தா போதும், இது இன்ன புக்குன்னு சொல்லிரும்."

"அழுக்காச்சுன்னா?"

"அழுக்காச்சுன்னா அதுக்குக் கண்ணு தெரியாது. அதுக்குத்தான் மேல டேப்ப ஒட்டியிருக்கேன்."

அப்பா எதிரே உட்கார்ந்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்பதுதான் இன்றுவரை என்னைக் குடைகிற கேள்வி.

பூஜைக்கு மறுநாள் விஜயதசமி. அம்மா காலையிலேயே கம்ப்யூட்டர் அறைக்குக் கிளம்பிவிட்டாள். அப்பாதான் பூஜையைக் கலைத்து, என்னை ஒரு பக்கம் வாசிக்க வைத்து, நூலகப் புத்தகங்களை மறுபடி துணியில் கட்டிவைத்தார். சாயங்காலம் மைதானத்தில் ராவணனைக் கொளுத்துவதைப் பார்க்கக் கூட்டிப்போனார். வெடி வெடித்தது, எல்லோரும் கத்தினார்கள். அப்பா மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். ராவணன் அந்தப் பக்கம் இருக்கிறான் என்று அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். "அச்சா, அச்சா" என்றார்.

விழாவில் நானும் அப்பாவும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா ரோஜா நிறப் பட்டுச்சேலையில் மேடையில் நின்றாள். மேசைமேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் கட்டுப் பிரித்த புத்தகங்கள், துணைவேந்தருக்கு மூடிவைத்த ஒரு கிளாஸ் தண்ணீர். அம்மா இங்கிலீஷில் பேசினாள். பிறகு லைட் பேனாவைத் துணைவேந்தர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பேனாவை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தார். அழுத்தி இழுத்தார். அம்மா எட்டிப் பார்த்தாள். லேபிள் முழுக்கச் சந்தனம். அடுத்த புத்தகத்தைப் பிரித்தாள். அதிலும் சந்தனம். அதற்கடுத்ததிலும் சந்தனம். லேபிளில் இருந்த நம்பரைக் கையால் அடிக்கலாமென்றால் அதுவும் சந்தனத்துக்கு அடியில்.

பின்வரிசையில் யாரோ "கிலோனா" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. பெங்களூர்க்காரர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாமி கும்பிட்டுக் கொண்டுவந்தது ஏன் வேலை செய்யவில்லை? அம்மா ஏன் சந்தனத்தைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வரிசையைப் பார்க்கிறாள்? அவள் பார்த்தது அப்பாவை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் அப்பா எழுந்தார். மற்றவர்கள் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே வந்து, யாரையும் கேட்காமல் மேடையேறினார். சர்க்கார் ஆபீசில் மேலதிகாரி முன்னால் உட்காரவே கூச்சப்படுகிற மனிதர், துணைவேந்தரின் தண்ணீர் கிளாஸைத் திறந்து, தன் கைக்குட்டையை அதில் முக்கினார். எனக்கு நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அவர் லேபிளை ஓரத்திலிருந்து மெதுவாக, குழந்தைக்கு மூக்குத் துடைத்துவிடுகிற மாதிரி துடைத்தார். உலர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்து எடுத்தார். சட்டை நுனியால் ஒற்றினார். பிறகு புத்தகத்தை அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஒரு கணம் அதை வாங்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேனா இழுபட்டது. கம்ப்யூட்டர் குருவிபோல ஒரு சத்தம் போட்டது. திரையில் புத்தகத்தின் பெயர் வந்தது.

அம்மா அந்த மாதமே பெங்களூர் போனாள். இரண்டு வருஷம் என்றது நான்காக நீண்டது. அதன்பிறகு ஊர் ஊராக எத்தனையோ நூலகங்கள். இன்று மாணவர்கள் மெட்ரோவில் தொங்கிக்கொண்டே செல்போனில் புத்தகம் தேடுகிறார்கள். அதன் தொடக்கத்தில் எங்கோ என் அம்மா இருக்கிறாள். அப்பா வெந்நீர் போடக் கற்றுக்கொண்டார், எனக்குக் கோணல்மாணலாகச் சடை பின்னவும் கற்றுக்கொண்டார். வளர்ந்த பிறகு ஒருமுறை அந்தச் சந்தனத்தைப் பற்றி அவரிடம் கேட்டேவிட்டேன். "சாமிக்குன்னு வச்சேன். வேற என்ன?" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அம்மாவிடம் கேட்டேன். "தெரிஞ்சே வச்சிருந்தாத்தான் என்ன? எந்திரிச்சு வந்து அழிச்சாருல்லா" என்றாள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. மண்டபமே கை தட்டியது. யார் அதிகம் தட்டுவது என்று போட்டி வைத்ததுபோல நான் நாற்காலிமேல் ஏறி நின்று, உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அப்பா இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மட்டும் தட்டவில்லை. ஈரக் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். கையெல்லாம் சந்தனமாக இருப்பதால்தான் தட்டவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவருக்கும் சேர்த்து நானே தட்டினேன்.